என் மகளுக்கு அம்பிட்டியவில் இடமாற்றம்

1

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு ஆட்டுக்குப் புல் வெட்டினேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு இவர் பெரிய படிப்பாளி போலிருக்கிறது என்று கண்டி வாசகர்கள் ஏமாந்துவிடக் கூடாது. எழுத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தேன். கண்டி டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். சவூதியில் சமையல்காரனாக இருந்தேன். அங்கே என் கோழிக் குழம்புக்கு அடிமையான ஓர் அமெரிக்க இஞ்சினியர், ஊருக்குத் திரும்பும்போது என்னையும் பெண்டாட்டி பிள்ளையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கு நியூ ஜெர்சியில் எனக்கு மூன்று பெட்ரோல் செட்டுகள். ஆள் வைத்துத்தான் நடத்துகிறேன். ஆனாலும் காலையில் போய்க் கதவைத் திறப்பது நான்தான். முதலாளி திறந்தால்தான் கதவுக்கே மரியாதை.

ஆனால் இது பெட்ரோல் பற்றிய கட்டுரை அல்ல. என் ஒரே மகள் தவமணி இங்கே பெடரல் நீதிபதி. அவள் பதவியேற்று இந்த வாரத்தோடு இரண்டு வருடம். அது ஒரு காரணம். இன்று காலை அம்பிட்டியவிலிருந்து என் தம்பி மருதை போனில் ஒரு படம் அனுப்பினான். அது இரண்டாவது காரணம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் நின்று தனியாகச் சிரித்தேன். பால் வாங்க வந்த வெள்ளைக்காரக் கிழவி பயந்து போனாள்.

நேரம் கிடைக்கும்போது மகளுடைய கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். பின்வரிசை எல்லோருக்கும் பொது. வாசலில் நிற்கும் காவலருக்கு என்னை நன்றாகத் தெரியும்; என் கடையில்தான் அவர் கோப்பி குடிக்கிறார். "நீதிபதியின் அப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "குட் மோர்னிங் சேர், பெல்ட்டைக் கழற்றுங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வார். நம் ஊரில் பிரதேச சபை உறுப்பினரின் மைத்துனன் பெல்ட்டை யாராவது கழற்றச் சொல்வார்களா?

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தபின் ஒரு விஷயம் நடக்கும். இந்த நாட்டில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பன் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அவளை யாரும் தவமணி என்று அழைப்பதில்லை. ஒருவர் எழுந்து உரத்த குரலில், "எல்லோரும் எழுந்து நில்லுங்கள், மாண்புமிகு நீதிபதி கருப்பையா!" என்பார். 'கேரப்பாயா' என்றுதான் அவர் வாயில் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும். கோட்டுப் போட்ட வக்கீல்கள், போலீஸ்காரர், குற்றவாளி, அத்தனை பேரும் எழும்புகிறார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை "டேய் கருப்பா" என்றால் நான் எழும்பின காலம் ஒன்று இருந்தது. இப்போது கருப்பையா என்றால் மற்றவர்கள் எழும்புகிறார்கள். நானும் சேர்ந்து எழும்புகிறேன். என் பெயருக்கு நானே எழும்பி நிற்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நாட்களில் அவள் வழக்கு விசாரிப்பதில்லை, பிரஜாவுரிமை கொடுக்கிறாள். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் வலது கையைத் தூக்கி அவள் சொல்லச் சொல்லச் சத்தியம் செய்வார்கள். காலைத் தேத்தண்ணீருக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இடையில் அவ்வளவு பேரும் இந்த நாட்டுப் பிரஜை. நாங்கள் பிறந்த மண்ணில் என் அப்பா அதே பிரஜாவுரிமைக் கடதாசிக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு, கடைசியில் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமலே தேயிலைக்குள் செத்துப் போனார். அவருடைய பேத்தி கடலை வாங்கிக் கொடுப்பது போல நாட்டை வாங்கிக் கொடுக்கிறாள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும் சொல்கிறேன்.

2

பெடரல் நீதிபதி என்றால் என்ன என்று கண்டியில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மகள் விளங்கப்படுத்தினாள், நான் என் பாணியில் விளங்கிக்கொண்டேன்.

ஊரில் ஏழு வயதில் அவளுக்குப் பேச்சு அதிகம். இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள், காதைத் திறந்துகொண்டாள். பள்ளிக்கூடம் விட்டால் என் முதல் பெட்ரோல் செட்டில் சிகரெட் பெட்டிகளுக்குக் கீழே உட்கார்ந்து படிப்பாள். வாடிக்கையாளர் இருவர் வரிசையில் சண்டை பிடித்தால் தலையை மட்டும் வெளியே நீட்டி, "அவங்க முதல்ல வந்தாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவாள். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. சட்டம் படித்தாள். ஒரு கிழட்டு நீதிபதியிடம் எழுத்து வேலை பார்த்தாள். பிறகு பல வருடம் அரசாங்கத் தரப்பு வக்கீலாக நின்று கள்ளர்களை உள்ளே அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் ஜனாதிபதி அவள் பெயரைச் சொன்னார்.

ஜனாதிபதி சொன்னால் முடிந்தது என்று நான் வெடி வாங்கி வைத்துவிட்டேன். முடியவில்லை. செனட் சபையில் பெரிய மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்டார்கள். இருபது வயதில் எழுதியதை எல்லாம் தோண்டி எடுத்து, இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வரும் மாமியார்கள் இதில் பாதிகூடக் கேட்பதில்லை.

அதற்கு முன்னால் அவளைப் பற்றி விசாரிக்க இரண்டு அதிகாரிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். வீடு தேடி வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப நான் என்ன காட்டுமிராண்டியா? மசாலா வடை, பால் தேத்தண்ணீர், கேசரி. தண்ணீர் மட்டும் குடித்தார்கள். மகளுக்கு எதிரிகள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். சொந்தக்காரர்களின் பெயரை ஒன்றொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். போகும்போது ஆளுக்கொரு தேயிலைப் பக்கெட் கொடுத்தேன். வாங்கவில்லை. கூச்சப்படுகிறார்களாக்கும் என்று அவர்களுடைய காரின் கூரையில் வைத்துவிட்டேன். காரை எடுக்கும்போது இருவரும் இறங்கி, தேயிலையை என் படிக்கட்டில் வைத்து, அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு மகள் போனில் கத்தினாள். "அப்பா! என்னை ஜட்ஜ் ஆக்கப் பாக்குறீங்களா, உள்ள தள்ளப் பாக்குறீங்களா?"

"தேயிலை தானம்மா. நம்ம ஊரு தேயிலை."

"அதுதாங்கப்பா லஞ்சம்!"

அவளுடைய தமிழ் ஏழு வயதோடு நின்றுவிட்டது. அசல் லயத்துத் தமிழ். அமெரிக்க நீதிபதி ஒருத்தி "உள்ள தள்ள" என்று பேசுவதைக் கேட்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவளுடைய மகனுக்கு அதுவும் இல்லை. என் பேரனுக்குத் தமிழில் தெரிந்தது இரண்டு சொல். ஒன்று தோசை. மற்றது வேணாம்.

எப்படியோ பதவி கிடைத்தது. இது ஆயுள் பதவி. சம்பளத்தைக் குறைக்க முடியாது. வீட்டுக்கு அனுப்ப முடியாது. நம் ஊர் வாசகர்கள் இந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்: யாராலும் இடமாற்றம் செய்ய முடியாது.

3

இந்தச் செய்தியைக் கண்டிக்குச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நம் ஊரில் அரசாங்க உத்தியோகம் என்பதே இடமாற்றத்துக்குப் பயந்துகொண்டு இருப்பதுதானே. பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் என் மச்சினன் முதலில் கேட்ட கேள்வியே அதுதான்.

"இப்ப எந்த ஊர்ல போட்டிருக்காங்க? அடுத்த ட்ரான்ஸ்பர் எப்ப?"

"கிடையாது. சாகும் வரைக்கும் அதே கதிரை."

"பாவம். பெரிய இடத்துல ஆள் இல்லையாக்கும், நல்ல ஊருக்கு மாத்திக் குடுக்க" என்றான். பிறகு, "ஜீப் குடுத்திருக்காங்களா? வரியில்லாத வாகன பேர்மிட்? ரெண்டு பொலிஸ்?" என்று கேட்டான். அவள் தன் சொந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாள் என்றேன். பெடரல் கோர்ட்டில் அவள் பதவிக்குப் பெயர் மாவட்ட நீதிபதி என்ற விவரத்தையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "டிஸ்ட்ரிக் ஜட்ஜா? அது நம்ம கண்டியிலயும் இருக்காரே" என்று போனை வைத்துவிட்டான்.

மருதை அப்படி அல்ல. என் தம்பிக்கு நான் சொன்னால் வேதவாக்கு. அவனுக்கு அந்த நேரம் ஒரு பிரச்சினையும் இருந்தது.

அம்பிட்டியவில் அவன் வீடு மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் நடைபாதை பக்கத்து வளவின் ஓரமாக ஏறுகிறது. அந்த வளவு ஹனீபாவுக்குச் சொந்தம். மிளகு, கராம்பு வாங்கி விற்பவர், நல்ல மனிதர். மகளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார். அதற்கு முன் வளவில் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மதில் எழுப்பினால் ஏற்கெனவே ஒடுங்கலான பாதை இன்னும் ஒடுங்கிவிடும். முன்பென்றால் அது பெரிய விஷயமில்லை. ஆனால் தம்பி மனைவி லெச்சுமிக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கிளினிக்குப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து இரண்டு பேர் ரோடு வரைக்கும் தூக்க வேண்டும். நான் இங்கிருந்து, பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் முதல்தரமான சக்கர நாற்காலி ஒன்று அனுப்பினேன். அமெரிக்கச் சாமான் அகலமானது. பாதையில் இறங்காமல், சுற்றி வந்த பொலித்தீனோடு வீட்டு முன்னறையில் நின்றது.

ஹனீபா தன் வளவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நாலடி பாதை விடுகிறேன் என்று தானாகவே சொல்லியிருந்தார். மருதை சம்மதிக்கவிருந்தான். அப்போதுதான் என்னிடம் யோசனை கேட்டான்.

"நாலடியா?" என்றேன். "இங்கே நாய் நடக்கவே ஆறடி விடுகிறார்கள். பொறு. தவமணி டிசம்பரில் வருகிறாள். அவள் வந்து நின்றாலே போதும், வாய் திறக்க வேண்டாம்."

"அண்ணே, ஹனீபா நானா நல்ல மனசோட தாறாரு. வாங்கிக்குவோமே" என்றான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்.

"பெடரல் நீதிபதியின் சித்தப்பா நாலடிக்குச் சம்மதிக்கிறதா? பேசாமல் இரு."

இந்த விவகாரம் மத்தியஸ்த சபைக்கும் போயிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் லீவு நாளில் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வழக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் சபை. நான் சொன்னதால் மருதை அங்கேயும் தவணை கேட்டுக்கொண்டே இருந்தான்.

4

வருவதற்கு முன்பே மகள் மூன்று நிபந்தனை விதித்தாள். மேடை கூடாது. பொன்னாடை, மாலை, பரிசு எதுவும் கூடாது. நீதிபதி என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

"பதவிய இரவல் குடுக்கக் கூடாதுங்கப்பா. சட்டத்துல இருக்கு."

"யார் இரவல் கேட்டார்கள்? ஒரு சின்ன வரவேற்பு."

"வேணாம்."

அவள் சொன்னதில் பதாகை பற்றி ஒன்றுமில்லை. நீங்களே மேலே படித்துப் பாருங்கள்.

பிலிமத்தலாவை மச்சினன் கடைக்குப் பக்கத்தில் டிஜிட்டல் பதாகை அடிக்கும் கடை இருக்கிறது. போனில் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நடுவில் மகள் கறுப்பு அங்கியில். பின்னால் தராசு, அமெரிக்கக் கொடி, தலதா மாளிகை, ஒரு தேயிலைக் கொழுந்து. மூலையில் என் படம். தராசை விட என் படம் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அது கடைக்காரரின் விருப்பம். கீழே, 'அமெரிக்க சமஷ்டி நீதிபதி தவமணி கருப்பையா அவர்களே, வருக! வருக!' பெடரலுக்குத் தமிழ் சமஷ்டி என்று கடைக்காரர்தான் சொன்னார். சிங்களத்திலும் போட்டுவிட்டார்.

நாங்கள் வந்து இறங்கியபோது அது பாதை தொடங்கும் இடத்தில், ரோட்டை மறைத்துக்கொண்டு கட்டியிருந்தது. ஒரு பக்கம் லைட் கம்பத்தில். மறுபக்கம் ஒரு பலா மரத்தில், நாலு ஆணி அடித்து. தவமணி வான் வண்டியை விட்டு இறங்கவில்லை. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா" என்றாள்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அப்பா, இந்தப் பலா மரம் யாரோடது?"

அவள் நீதிபதிதான். நான் அதை யோசிக்கவே இல்லை. மரம் ஹனீபாவுடையது.

ஹனீபாவுக்கு முன்னால் கிராம சேவகர் வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பதாகையை அண்ணாந்து பார்த்தார்.

"மாத்தயா, என்ன இது? இங்க சமஷ்டி கேக்குறீங்களா?"

"ஐயோ, இது அமெரிக்காவில்…"

"அமெரிக்காவுல இருக்கட்டும். அம்பிட்டியில தொங்கவிட வேணாம். எனக்குத்தான் மேலிடத்துல பதில் சொல்ல ஏலாது."

கடைசியில் மருதை ஏணி வைத்து ஏறி, பழைய கலண்டர் தாள் இரண்டை அந்தச் சொல்லின் மேல் ஒட்டினான். ஒன்றில் மகாலட்சுமி சாமி படம், ஒன்றில் ஒரு பிஸ்கட் விளம்பரம். தமிழர் சமஷ்டி ஆட்சி கேட்டதிலிருந்து நாடே மூன்று தலைமுறையாகச் சண்டை பிடிக்கும் ஒரு விஷயத்தை அவன் பிஸ்கட்டால் மூடினான்.

மாலையில் ஹனீபா கடையிலிருந்து வந்தார். மரத்தைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், கறுப்பு அங்கியைப் பார்த்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் நின்று மனைவி பரீதாவிடம் உரக்கச் சொன்னார். எங்கள் காதில் விழ வேண்டுமென்றுதான் சொன்னார்.

"பார்த்தியா? நாலடி தாறன்னு நான் நல்ல மனசோட சொன்னதுக்கு, இவங்க அமெரிக்காவுல ஈந்து ஜட்ஜ இறக்கியிருக்காங்க. அதுவும் எங்கட வாப்பா வெச்ச மரத்துல ஆணி அடிச்சி! இப்ப நாலடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சட்டம் என்ன சொல்லுதோ அதப் பாப்போம்."

அடுத்த நாள் காலை அவர் ஆட்கள் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார்கள். பாதை இரண்டடி. மருதை ஜன்னலில் நின்று பார்த்தான். லெச்சுமி கட்டிலிலிருந்து கேட்டாள்.

"என்னாங்க தட்டுற சத்தம்?"

"ஒண்ணுமில்ல, படு."

"ரெண்டடிதானே வச்சிருக்காங்க? சத்தம் கிட்டக் கேக்குது."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கு என்மேல் கோபம் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு மட்டும் எனக்குத் தேத்தண்ணீர் கொடுக்க மறந்துவிட்டான்.

5

மத்தியஸ்த சபை கூடியது. இனித் தவணை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இன்றைக்குத் தீராவிட்டால் கோர்ட்டு. அது பிள்ளைகள் படிக்கும் மண்டபம். சுவரில் வாய்ப்பாடு. மூன்று மத்தியஸ்தர்களும் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் மேலே வர உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர், சிங்கள அம்மா, எல்லோரும் மெடம் என்றார்கள். என் மகளுடைய கோர்ட்டில் கதிரை என்ன உயரம்! இங்கே தீர்ப்புச் சொல்கிறவர் எழும்புவதற்கே ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

இந்தச் சபையில் வக்கீல்களுக்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருந்தது. கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.

"பின்னால இருக்கிற நோனா யாரு?" என்று மெடம் கேட்டார்.

நான் எழுந்தேன். தொண்டையைச் சரிசெய்தேன். ஜனாதிபதியிலிருந்து தொடங்குவதா, செனட்டிலிருந்து தொடங்குவதா என்று யோசித்த நேரத்தில் அவள் முந்திக்கொண்டாள்.

"நான் மருதை சித்தப்பாவோட அண்ணன் மகள்ங்க."

அவ்வளவுதான். இத்தனை வருடப் படிப்பு, பதவி, அங்கி எல்லாவற்றையும் அந்த வாங்கின் கீழ் தள்ளிவிட்டாள்.

ஹனீபா எழுந்தார். "மெடம், அவங்க யாருன்னு ரோட்டுல பெரிசா எழுதித் தொங்குது. அவங்க இங்க ஈந்தா நான் பேச மாட்டேன்."

"அவர் சொல்றது சரிங்க" என்றாள் தவமணி. எழுந்தாள். எல்லோரும் எழுந்து நிற்க இவள் உள்ளே வருவதைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. இங்கே எல்லோரும் உட்கார்ந்திருக்க இவள் மட்டும் எழுந்து வெளியே போனாள்.

மெடம் என்னைப் பார்த்தார். "நீங்களும் போங்க, பெரியவர்."

"நான் அவனுடைய அண்ணன்!"

"ஹரி, ஹரி, எல்லாம் சரி. வெளியில நல்ல காத்து."

விறாந்தையில் நின்று, "இது என்ன நியாயம்?" என்று மகளிடம் பொரிந்தேன்.

"என் கோர்ட்டுல சொந்தக்காரங்க வழக்கு வந்தா நான் எந்திரிச்சிப் போயிறணும்ங்கப்பா. வேலையே அதுதான்" என்றாள். பிறகு, "சித்தி ஏன் வரல?" என்று கேட்டாள்.

"அவளை எப்படியம்மா கொண்டுவருவது?"

"பாதை அவங்களுக்குத்தானே வேணும்? உள்ள இருக்கிற யாருமே கதிரையில போறவங்க இல்ல."

"நீதான் இதில் தலையிடக் கூடாதே."

"ஜட்ஜ் தலையிடக் கூடாது. அண்ணன் மகள் சித்தியத் தூக்கலாம்."

முச்சக்கர வண்டியில் வீட்டுக்குப் போனோம். லெச்சுமிக்கு விஷயத்தைச் சொன்னதும் நல்ல சேலை கட்டிவிடச் சொன்னாள். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்தோம். முன்னால் மகள், பின்னால் நான். இந்தப் பாதையைப் பற்றி மாதக் கணக்கில் போனில் ஆலோசனை சொன்னவன் நான். அதில் ஒரு கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு இறங்கியது அன்றுதான். கீழ்நோக்கிய சரிவு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஹனீபாவின் கயிறு. என் முழங்கை மண்ணில் உரசியது.

"அத்தான், நேராப் புடிங்க" என்றாள் லெச்சுமி. "மூணு பெட்ரோல் செட் வச்சிருக்கீங்க, ஒரு கதிரைய நேராப் புடிக்கத் தெரியல."

"பேசாமல் இரு, கனக்குது."

"பேச்சுமா கனக்குது?"

பாதி வழியில் கதிரை சிக்கிவிட்டது. ஒரு கால் முளைக்குச்சியில் மாட்டிக்கொண்டது. மேலே போக முடியவில்லை, கீழே வர முடியவில்லை. லெச்சுமி வாய்க்காரிதான், ஆனால் அந்த நேரம் நல்லாயிருந்த கையால் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எத்தனை தடவை இப்படிக் கண்ணை மூடியிருப்பாள் என்று என் புத்தியில் அப்போதுதான் ஓடியது.

வேலிக்கு அப்பால் பரீதா மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். சுளகை வைத்தாள். வந்து குனிந்து முளைக்குச்சியை இரண்டு கையாலும் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"பரீதா, உங்க ஆளு கோவிக்கப் போறாரு" என்றாள் லெச்சுமி.

"கோவிக்கட்டும். இந்தக் குச்சிய புடுங்கினா மாப்புள ஓடிப் போயிருவானா?" என்று சொல்லிவிட்டுக் கதிரையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ரோடு வரைக்கும் வந்தாள். முச்சக்கர வண்டியிலும் ஏறிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் வண்டியில் இடமில்லாமல் போய்விட்டது. அமெரிக்க நீதிபதியும் நானும் வேறு வண்டி பிடித்து வந்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லெச்சுமி மண்டபத்துக்குள் மெடம் எதிரில் இருந்தாள். நாங்கள் வாசலுக்கு வெளியே நின்று கேட்டோம்.

"எனக்கு ஆறடியும் வேணாம், அறுபதடியும் வேணாம்ங்க. யாரும் தூக்காம ஒரு நாளைக்கு நானே ரோட்டப் பாக்கணும். அவ்வளவுதான்" என்றாள் லெச்சுமி.

ஹனீபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீதா பின்னாலிருந்து சொன்னாள்:

"நான் குச்சிய புடுங்கிட்டேன். இனிமே நீங்க அளக்கிறதா ஈந்தா முதல்ல ஈந்து அளக்கணும்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். ஹனீபாவுக்கும் அடக்க முடியவில்லை.

"நாலடி" என்றார். "முன்ன சொன்ன அதே நாலடி. அல்லாஹ்வுக்காக. ஆனா ஒரு கண்டிஷன், மெடம். அந்த பெனர எங்கட மரத்துல ஈந்து கழட்டணும். ஆணி அடிச்சதுக்கு பெனர் எனக்கு. மிளகு காயப்போட நல்ல சாமான் அது."

மெடம் எழுதினார். என்னைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டார். இணக்கக் கடதாசியை வாசித்துக் காட்டினார்கள்: பாதை நாலடி, கருப்பையா என்பவர் பதாகையைத் தம் கையாலேயே அகற்றி ஹனீபா என்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவில் என் பெயரைச் சொன்னால் ஆட்கள் எழும்புகிறார்கள். அம்பிட்டியவில் என் பெயரைச் சொல்லி என்னை ஏணியில் ஏற்றினார்கள். மகள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நாலு ஆணியையும் பிடுங்கும் வரை சிரிப்பை அடக்கினாள். தோள் மட்டும் குலுங்கியது.

6

இதெல்லாம் நடந்து ஒரு வருடமாகிறது. நாலடி என்று முடிவானதற்கு நான் ஆறடி கேட்டதும் ஒரு காரணம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பேரத்தில் மேலே தொடங்கினால்தான் நடுவில் வந்து நிற்கும். மகள் இதை ஒத்துக்கொள்வதில்லை. என் வீட்டுக்காரி, "நாலடியில தொடங்கி நாலடியில முடிச்ச கெட்டிக்காரர் நீங்கதான்" என்கிறாள்.

இன்று காலை மருதை அனுப்பிய படத்தில் மதில் எழும்பிவிட்டது, வெள்ளை பூசியிருக்கிறது. பாதையில் லெச்சுமி என் சக்கர நாற்காலியில். பொலித்தீன் இல்லை. பின்னால் தள்ள ஆள் இல்லை. நல்ல கையால் பொத்தானை அழுத்தி அவளே இறங்குகிறாள். மதிலுக்கு அப்பால் ஹனீபாவின் முற்றம். முற்றத்தில் பதாகை விரித்து, அதன்மேல் மிளகு. தராசை மிளகு மூடிவிட்டது. கொடியை மூடிவிட்டது. என் படத்தின் மேல் ஒரு கோழி நிற்கிறது. மகளின் முகம் மட்டும் நெற்றி வரைக்கும் தெரிகிறது.

படத்தோடு மருதை ஒரு குரல்பதிவும் அனுப்பியிருந்தான். அதில் லெச்சுமி பேசுகிறாள்.

"அத்தான், நல்லாயிருக்கீங்களா? இப்பெல்லாம் காலையில ரோட்டுக்கு எறங்கிர்றேன். பாதையில மேல இருந்து பாத்தா எனக்குத்தான் மழை முதல்ல தெரியும். 'பரீதா, மழை!'ன்னு ஒரு சத்தம் போடுவேன். ஓடி வந்து மொதல்ல மிளக அள்ளுவா. அப்புறம் நம்ம தவமணியச் சுருட்டி உள்ள கொண்டு போயிருவா. வெயில் வந்தா மறுபடி விரிச்சிருவா. நனைய விடுறதே இல்ல அத்தான்."

சாயங்காலம் மகள் வந்தபோது அதைப் போட்டுக் காட்டினேன். கோர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை தன் மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மழை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். ஆக அவனுக்குத் தமிழ் மூன்று சொல்.

பிலிமத்தலாவை மச்சினனுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். ஆயுள் பதவி, ஜனாதிபதியே நினைத்தாலும் என் மகளை அசைக்க முடியாது என்று நான் சொன்னது உண்மை. அது அமெரிக்காவுக்கு மட்டும். அம்பிட்டியவில் அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட இடமாற்றம் வருகிறது, முற்றத்திலிருந்து வீட்டுக்குள், வீட்டுக்குள்ளிருந்து முற்றத்துக்கு. தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் பரீதா.

உத்தரவு போடுகிறவள் லெச்சுமி. பாதையின் நடுவில், தன் கதிரையில் உட்கார்ந்தபடி.